காகிதத்தில் கொழுந்தன்

அன்புள்ள எராலிக்கு,

அரசாங்கப் பதிவேட்டின்படி என் கொழுந்தனும், ஆண்டவனுக்கும் எனக்கும் பிரசவம் பார்த்த நர்சுக்கும் தெரிந்தபடி என் மூத்த பிள்ளையுமான உனக்கு உல்ஜான் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் ஒருவிதமாக நடமாடிக்கொண்டிருக்கிறோம், யாரும் படுக்கையில் இல்லை, என் முழங்கால் இரண்டும் மட்டும் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. நீ அங்கே கொரியாவில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, கப்பல் கட்டும் பட்டறையில் வெல்டிங் வைக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்கிறாயா, அதை முதலில் எழுது. போனில் கேட்டால் எல்லாம் நல்லாயிருக்கு அண்ணி, லைன் சரியில்லை அண்ணி என்று இரண்டே வார்த்தை. என்ன அதிசயமோ, நான் பென்ஷன் என்று ஆரம்பித்தால்தான் உங்கள் ஊரில் லைன் சரியில்லாமல் போகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது பார். பக்கத்து வீட்டு ஆசிரியரின் மகள் படிப்புக்காக உங்கள் நாட்டுக்குப் புறப்படுகிறாள், அவளிடம் வக்கீல் கொடுத்த காகிதங்களும் ஒரு பை காய்ந்த தயிர் உருண்டையும் கொடுத்தனுப்புகிறேன். உருண்டையை மட்டும் எடுத்துக்கொண்டு காகிதத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடாதே. உன் புத்தி எனக்குத் தெரியும்.

முதலிலிருந்து சொல்கிறேன், நீ போனில் ஒரு தடவையாவது முழுசாகக் கேட்டிருந்தால் இந்த வேலை எனக்கு இல்லை. ஜனவரி கடைசியில் எனக்கு ஐம்பத்து மூன்று முடிந்தது. ஐந்து பிள்ளை பெற்று, அந்த ஐந்தையும் எட்டு வயது வரை வளர்த்த பெண்ணுக்கு ஐம்பத்து மூன்றிலேயே பென்ஷன் உண்டு, மற்றவர்களுக்கு அறுபத்தொன்று. பாலர் பள்ளிச் சமையலறையில் இருபத்து மூன்று வருஷமாக நூற்றுப்பத்துக் குழந்தைகளுக்குக் கூழ் கிண்டுகிறேன், அந்த அண்டாவைத் தூக்கித் தூக்கியே முழங்கால் போனது. டாக்டர் பொம்பளை எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டி, அம்மா இதை வச்சுக்கிட்டு இன்னும் எட்டு வருஷம் நிக்க முடியாது என்றாள். சரி, நமக்குத்தான் ஐந்து இருக்கிறதே என்று நான் பிறப்புச் சான்றிதழ்களை எல்லாம் துணியில் சுற்றிக்கொண்டு சேவை மையத்துக்குப் போனேன். அங்கே ஒரு சின்னப் பெண், நகத்துக்கு அடித்திருந்த வர்ணம் மட்டும் என் ஒரு வாரச் சம்பளம் இருக்கும், தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, பெரியம்மா, உங்களுக்கு நாலுதான் வருது என்றாள். நன்றாகப் பாரம்மா என்றேன். நாலுதான் பெரியம்மா, எராலிங்கிறவர் உங்க வீட்டுக்காரரோட தம்பின்னு இருக்கு, தம்பியை எல்லாம் கணக்குல எடுக்க மாட்டாங்க என்றாள். முப்பத்து மூன்று வருஷமாக இது எனக்குத் தெரியாதா, தெரியும். ஆனால் அது வீட்டு விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கம்ப்யூட்டர் வரை போயிருக்கும் என்று யார் கண்டார்கள். ஒரு நல்ல வார்த்தையும் சொன்னாள், அதையும் சொல்ல வேண்டும். தொண்ணூற்றெட்டுக்கு முன்னால் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்த காலத்தை வேலை செய்த காலமாக எடுத்துக்கொள்வார்களாம். இத்தனை வருஷம் கழித்தாவது ஒருத்தர் அதை வேலை என்று ஒத்துக்கொண்டார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அதிலும் உன்னைப் பார்த்துக்கொண்ட காலம் சேராது, கொழுந்தனைப் பார்த்துக்கொள்வது வேலை இல்லை.

இந்தச் சிக்கல் எப்படி வந்தது என்று உனக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். மூத்த பிள்ளை மாமனார் மாமியாருக்கு என்பது நம்மில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான், அதில் எனக்குப் பேச்சில்லை. எனக்குப் பத்தொன்பது வயது, நாற்பது நாள் பால் கொடுத்தேன், நாற்பத்தோராம் நாள் தொட்டில் என் அறையிலிருந்து மாமியார் அறைக்குப் போனது. பெரியவர்கள் எதிரில் சொந்தப் பிள்ளையை மடியில் போட்டுக் கொஞ்சுவது வெட்கம் கெட்ட வேலை என்று என்னை வளர்த்திருந்தார்கள், நானும் பேசாமல் துணி துவைக்கப் போய்விட்டேன். ஊரில் எத்தனையோ பேர் அப்படிக் கொடுத்தார்கள், ஆனால் சான்றிதழில் பெற்றவள் பெயர்தான் இருந்தது. நம் வீட்டில்தான் அதிகப்படியான கெட்டிக்காரத்தனம். மாமியாருக்கு அப்போது ஒன்பது பிள்ளைகள். பத்து பெற்றால் அந்தக் காலத்து அரசாங்கம் வீரத்தாய் என்று பட்டம் கொடுத்துத் தங்க நட்சத்திரம் குத்தும். ஒன்பதில் நின்றுபோன வருத்தம் அவருக்கு. நீ பிறந்ததும் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு, அரை ஆட்டையும் தூக்கிக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனார், அங்கே எழுத்தர் அவருடைய தாய்மாமன் பேரன், நாற்பத்தாறு வயதில் ஒரு ஆண்பிள்ளை என்று எழுதிக் கொடுத்துவிட்டான். பத்தாவது பிள்ளைக்கு ஒரு வயது ஆனால்தான் நட்சத்திரம் வரும். உனக்கு ஒரு வயது ஆக மூன்று வாரம் இருக்கும்போது அந்தப் பெரிய நாடே துண்டுதுண்டாக உடைந்து இல்லாமல் போய்விட்டது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை. நட்சத்திரமும் வரவில்லை, என் பிள்ளையும் எனக்கு வரவில்லை. கோபப்படாதே, அவர் உன்னை எப்படி வளர்த்தார் என்று எனக்குத் தெரியும், தன் வாயில் மென்ற இறைச்சியை உனக்கு ஊட்டியவர். அவர் போய் இரண்டு வருஷமாகிறது, இன்றைக்கும் ஒவ்வொரு வெள்ளியும் அவர் பெயரைச் சொல்லி ஏழு ரொட்டி பொரித்துக் கொடுப்பவள் நான்தான், அவர் பெற்ற ஒன்பது பேரில் ஒருத்தரும் இல்லை.

அதனால் வழக்குப் போட வேண்டியதாயிற்று. வழக்கு என்றதும் நம் வீட்டில் ஏதோ நான் கொலை செய்துவிட்ட மாதிரி. உன் அண்ணன், உன் அப்பா என்று எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை, துர்சின் என்றே எழுதுகிறேன், அந்த மனுஷன் பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அது எட்டு வருஷமாக ஓடவில்லை, ஆனால் வீட்டில் பேச்சு வந்தால் உடனே அதற்கு ரிப்பேர் வந்துவிடுகிறது. பெரிய மைத்துனர் நேரே வந்து, என் அம்மாவை மண்ணுக்குள்ள போனப்புறம் பொய்க்காரி ஆக்கப் போறியா என்று கேட்டார். அவர் பெண்டாட்டி அதற்கு மேல், உல்ஜானுக்குப் பணத்தாசை என்று கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறாள். எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது. வக்கீல் ஒருவர், சின்ன வயசு, பொறுமைசாலி, ஆஸ்பத்திரிப் பழைய பதிவேட்டில் என் பெயரைத் தேடிப் பிடித்தார். உல்ஜான், பத்தொன்பது வயது, ஆண் குழந்தை, மூன்று கிலோ நானூறு என்று இருக்கிறது. நகலைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன், வக்கீல் பாவம் முழங்கால் வலி என்று நினைத்துத் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தார்.

பெற்றதற்கு அது போதும். வளர்த்ததற்கு என்ன அத்தாட்சி என்று அடுத்த கேள்வி. சட்டம் பெற்றவள் என்று நிறுத்தவில்லை, எட்டு வயது வரை வளர்த்தவள் என்று சேர்த்துச் சொல்கிறது. உனக்குப் பேன் பார்த்தது யார், தட்டம்மை வந்தபோது இடுப்பில் சுமந்துகொண்டு மருந்தகத்துக்கு நடந்தது யார், உன் கால்சட்டை முழங்காலுக்கு ஒட்டுப் போட்டது யார். இதற்கெல்லாம் ரசீது கொடுப்பார்களா. தேடித் தேடிப் பார்த்ததில், மரப்பெட்டியில் உன் முதல் மூன்று வகுப்புக் குறிப்பேடுகள் இருந்தன, ஒவ்வொரு வாரமும் பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்புவோமே அது. வாரம் தவறாமல் கையெழுத்து இருக்கிறது. அத்தனையும் நான் போட்டது. ஆனால் என் பெயரிலா போட்டேன், மாமியார் பெயரில் போட்டேன். கண்ணாடி எங்கயோ வச்சுட்டேன், நீயே என் பேரை எழுதிவிடு என்பார், மூன்று வருஷமும் அந்தக் கண்ணாடி கிடைக்கவில்லை. வக்கீல் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இனிமேல்தான் நான் அடித்த கூத்து. போன மாதம் கோர்ட்டில் விசாரணை. நீதிபதி நடுத்தர வயதுப் பெண், கனிவாகத்தான் பேசினார். பெரிய மைத்துனர் முன்வரிசையில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், துர்சின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே என்ன தங்கமா கொட்டியிருந்தது. நீதிபதி, உங்க மாமியார் பேரைச் சொல்லுங்க என்றார். நான் எப்படிச் சொல்வேன். அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை, பெரியவங்க என்றேன், வீட்டம்மா என்றேன், அவர் மறுபடியும் கேட்டார், நான் மறுபடியும் முழித்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். கடைசியில் நீதிபதியும் ஒரு வீட்டுக்கு மருமகள்தானே, சரி, எழுதிக் கொடுங்க என்று காகிதத்தை நீட்டினார். வாயால் சொல்லத்தான் கூடாது, கையால் எழுதலாம், எழுதிக் கொடுத்தேன். வக்கீல் சட்டென்று எழுந்து உன் குறிப்பேட்டை அந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதே எழுத்து. வால் சுழிப்பது வரை அதே. நீதிபதி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் புரிந்துகொண்டார், எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அப்புறம் என்னைப் பார்த்து மெதுவாக, அப்ப இந்த எராலி உங்களுக்கு என்ன வேணும் என்றார். ஒரே ஒரு கேள்வி. அதற்காகத்தான் எல்லோரும் அங்கே கூடியிருந்தோம். நான் நிமிர்ந்தேன், பெரிய மைத்துனர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் சொன்னேன், என் கொழுந்தனுங்க.

வக்கீல் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது, மாற்றிச் சொல்ல வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. முப்பத்து மூன்று வருஷம் விருந்தாளிக்கும் பால்காரிக்கும் ஆசிரியைக்கும் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை நாக்கிலேயே குடியேறிவிட்டது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மே பதினேழாம் தேதிக்கு ஒத்திப்போட்டார், அதற்குள் மகன் எழுத்தில் சம்மதம் தரட்டும் என்றார். கவனி, மகன் என்றார். முன்பின் தெரியாத பொம்பளை சொல்லிவிட்டாள், பெற்றவளுக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் துர்சினைத் திட்டினேன், வேறு யாரைத் திட்டுவது. அந்த மனுஷன் வாசலில் காரை நிறுத்திவிட்டு முதல் தடவையாக வாயைத் திறந்தார், நானும் அவனை ஒரு நாளும் மகனேன்னு கூப்பிட்டதில்லை என்றார். அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் போனில் என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா. எனக்கு அம்மா ஒருத்திதான் அண்ணி, அவங்க மண்ணுக்குள்ள இருக்காங்க, அவங்க பேரை அழிச்சுட்டு வேற பேர் எழுதச் சொல்றீங்களா என்றாய். அன்றைக்குக் குழந்தைகள் கூழில் இரண்டு தடவை உப்புப் போட்டேன், நூற்றுப்பத்துக் குழந்தைகளும் முகத்தைச் சுளித்தன. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள். வலித்தது எராலி, மறைக்க மாட்டேன். ஆனால் நீ சொன்னதில் உள்ள நியாயமும் தெரியாமல் இல்லை. அவர் மடியில் தூங்கிய பிள்ளை நீ, அவர் போனபோது கதவைப் பிடித்துக்கொண்டு ஓலமிட்டவன் நீ. அதை யார் அழிக்க முடியும். கல்லறைக் கல்லில் பிள்ளைகள் வரிசையில் கடைசியாக உன் பெயர் இருக்கிறது, அதில் ஒரு எழுத்தை யாரும் தொட மாட்டார்கள், தொட வந்தால் முதலில் நான்தான் குறுக்கே நிற்பேன். மாறப்போவது அலுவலகப் பதிவேட்டில் ஒரு வரி. போன வெள்ளிக்கிழமை கல்லறைக்குப் போய் அவரிடமே சொல்லிவிட்டு வந்தேன், உங்க பிள்ளையை நான் எடுத்துக்கப் போகலை, நான் பெத்ததை மட்டும் எழுதிக்கிறேன் என்று. உயிரோடு இருந்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று சொல்லியிருப்பார், எனக்கும் திருப்பிச் சொல்ல வசதியாக இருந்திருக்கும். மண்ணோடு எப்படிச் சண்டை போடுவது. வீட்டில் நீ என்னை அண்ணி என்றே கூப்பிடு, திடீரென்று மாற்றினால் எனக்கே யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும். உன் வாயை நான் கேட்கவில்லை, கையெழுத்தைத்தான் கேட்கிறேன்.

இன்னொன்று, ஜிபெக்குக்கு ஏழாம் மாதம். உன் தங்கை, காகிதத்தில் உன் அண்ணன் மகள், கடவுளே, இந்த வீட்டில் உறவு சொல்லவே ஒரு வக்கீல் வேண்டும். அவள் மாமியார் போன வாரம் தேநீர் குடிக்க வந்தவள், மூத்தது எங்களுக்குத்தானே சம்மந்தி என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். ஜிபெக் தலையைக் குனிந்துகொண்டாள், நான் அந்த வயதில் குனிந்த அதே குனிவு. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, தூக்குங்க, கொஞ்சுங்க, பக்கத்துல போட்டுத் தூங்குங்க சம்மந்தி, காகிதத்துல மட்டும் கை வைக்காதீங்க, பிள்ளை பிறந்த அன்னைக்கே நானே அலுவலகத்துல போய் நிப்பேன் என்று சொல்லிவிட்டேன். கோப்பையை வைத்துவிட்டு அரை மணியில் புறப்பட்டுவிட்டாள். துர்சின் என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன், இன்னொரு கோப்பை ஊற்று என்றார். கடைக்குட்டி சாமத் பட்டாளத்திலிருந்து ஜூனில் வருகிறான், அவனுக்குச் செருப்பு நாற்பத்து நாலாம் அளவு, அங்கே மலிவாகக் கிடைத்தால் பார். உனக்கும் முப்பத்து மூன்று ஆகிறது, கல்யாணத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுத இடமில்லை, அதற்குத் தனியாகத் திட்ட வேண்டும்.

கையெழுத்துப் போடுவாயோ மாட்டாயோ, எனக்குத் தெரியாது. கையைப் பிடித்து இழுக்க நான் அங்கே இல்லை. நீ போடவில்லை என்றால் பென்ஷன் எட்டு வருஷம் கழித்து வரும், அண்டா அதுவரை அங்கேயேதான் இருக்கும், நான் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து கிண்டுவேன், அதற்காக உன்மேல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உன் காகிதம் வந்தாலும் வராவிட்டாலும் பதினேழாம் தேதி காலை பத்து மணிக்கு நான் அங்கே போய் நிற்பேன். பெரிய மைத்துனர் முன்வரிசையில் இருப்பார், இருக்கட்டும். அந்தம்மா மறுபடியும் கேட்பார், எராலி உங்களுக்கு என்ன வேணும் என்று. ஊர் கேட்கச் சொல்லிவிட்டு வரப் போகிறேன். பென்ஷனுக்காகத்தான் ஆரம்பித்தேன், பொய் சொல்ல மாட்டேன், இப்போது அதற்காக மட்டும் இல்லை.

காகிதத்தில் இரண்டு இடத்தில் கையெழுத்து வேண்டும், தூதரகத்தில் அதிகாரி கண் முன்னால்தான் போட வேண்டும், முன்னாலேயே போட்டுக்கொண்டு போய்விடாதே, நீல மை, பாஸ்போர்ட்டை மறக்காதே, திங்கட்கிழமை மூடியிருக்கும் என்று வக்கீல் சொன்னார். கப்பல் மேல் ஏறும்போது இடுப்புக் கயிறு கட்டிக்கொள். குளிர்ந்த பீரைக் குடித்துவிட்டுத் தொண்டை கட்டிக்கொண்டு லைன் சரியில்லை என்று சொல்லாதே. உன் பாதையில் கல் இல்லாமல் இருக்கட்டும், உன் கை பட்ட இரும்பு பிரியாமல் இருக்கட்டும், பசி உன் வாசலைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கட்டும். ஆண்டவன் உன்னை முழு உடம்போடு வீடு சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள், எட்டு வயது வரையும் அதற்கு மேலும் வளர்த்தவள்,
உல்ஜான்